மகனை அனுப்பியது போல மகளையும் அனுப்புங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல், கல்லல், குன்றக்குடி என்று இந்தச் சீமையெங்கும், மகளின் படிப்பு முடிந்து அவளைச் சென்னைக்கு வேலைக்கு அனுப்பும் யோசனையில் இருக்கிற தாய் தகப்பன்மாருக்கு,



நான் கோட்டையூர்க்காரி. சென்னையில் ஒரு வங்கியில் வெகு காலம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு காரைக்குடியில் இருக்கிறேன். ஏப்ரல், மே வந்தால் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் வீட்டுக்கு வருகிறார்கள். கேட்பது எல்லாருக்கும் ஒன்றுதான்: "ஆச்சி, பெண்ணை மெட்ராசுக்கு அனுப்பலாமா, வேண்டாமா?" ஒருவருக்குச் சொல்வது எல்லாருக்கும் போய்ச் சேரட்டும் என்று இந்த மடலை எழுதுகிறேன்.

அனுப்பலாமா என்று நாம் கேட்க வேண்டியதில்லை. ஆளை வெளியூருக்கு அனுப்பியே பிழைத்த சீமை இது. ஒரு பிள்ளையைத் தூரதேசத்துக்கு எப்படி அனுப்புவது, அங்கே அவன் எங்கே தங்குவான், யார் அவனுக்குப் பொறுப்பு, எப்போது வருவான், வரும்போது கையில் என்ன இருக்கும் என்பதையெல்லாம் நூறு ஆண்டுக்கு மேல் யோசித்து, எழுதி, நடத்திக் காட்டியவர்கள் நாம். அந்த அறிவு முழுவதையும் ஆண் பிள்ளைகளுக்கே வைத்துக்கொண்டோம். பெண் பிள்ளை புறப்படும்போது ஒரு பெட்டியையும் ஒரு செல்போனையும் கொடுத்து, "பத்திரமா இரு ஆத்தா" என்று சொல்லி ரயிலேற்றிவிடுகிறோம். எனக்கு இருக்கிற மனக்குறை இதுதான்.

நகரத்தார் பர்மாவுக்கும் மலாய்க்கும் சிலோனுக்கும் சைகோனுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன காலத்தைப் பாருங்கள். பையனை அனுப்பும் முன் சம்பளச் சீட்டு எழுதினார்கள். யாருடைய கடைக்குப் போகிறான், எந்த ஊரில் வேலை, எத்தனை காலம், மொத்தச் சம்பளம் எவ்வளவு, புறப்படும்போதே வீட்டில் கொடுப்பது எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் அப்படி ஒரு சீட்டு இன்னும் இருக்கிறது. எங்கள் ஐயா ரங்கூன் போனபோது எழுதியது. பொதுவாக மூன்று வருஷக் கணக்கு. பெட்டியடிப் பையனாகப் போனவன் தொழில் படிந்தபின் அடுத்தாள் ஆவான், பிறகு மேலாள், அதற்கும் பிறகு பங்கு அல்லது சொந்தக் கடை. கணக்கு முடிந்தால் ஊருக்கு வந்து இருந்துவிட்டு மறுபடி போவான்.

போய் இறங்கும் ஊரில் தங்க இடம் தேடி அலைய வேண்டியதில்லை. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கிட்டங்கிகள் இருந்தன. ஆளுக்கு ஒரு பெட்டி, பாய் விரிக்க இடம், எல்லாருக்கும் பொதுச் சமையல். ரங்கூனில் மொகல் தெரு, கொழும்பில் செட்டியார் தெரு. போன இடமெல்லாம் முருகனுக்குக் கோயில் கட்டி, அங்கேயே கூடி நடப்பு வட்டியும் பேசினார்கள். அந்தக் கடன் தொழிலில் நிலம் இழந்த பர்மா விவசாயிகளின் துயரம் பெரியது; அதை நான் மறைக்க வரவில்லை. நான் சொல்ல வருவது அனுப்பிய முறையை. பதினைந்து வயசுப் பையன் கடல் தாண்டிப் போனான் என்றால், அவனுக்கு முன்னே அவனுடைய படுக்கையும் சோறும் பதவியும் காத்துக்கொண்டிருந்தன.

அவர்கள் போனபின் இங்கே வீட்டை நடத்தியவர்கள் பெண்கள். இதை நாம் பெருமையாகத்தான் சொல்கிறோம். நெல் வரவு, வேலையாட்கள், கொத்தனார் கூலி, நல்லது கெட்டது, சீர், மொய் எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதினார்கள். பெண் கொண்டுவந்த பணம் கடைக் கணக்கில் வரவு வைக்கப்பட்டு வட்டி போட்டு வளர்ந்தது. ஆச்சிமார் பணம் என்று அதற்குப் பேர். அவள் வீட்டைவிட்டு வெளியே வந்து ஒரு நாள் வேலை பார்த்ததில்லை. ஆனால் ஏட்டில் அவள் பேர் இருந்தது.

ஏட்டில் பேர் இல்லாத பெண்களும் அதே வீடுகளில் இருந்தார்கள். நெல் குத்தியவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள், சாரத்தில் கல்லும் மண்ணும் சுமந்த சித்தாள்கள், பலகாரச் சட்டி முன்னால் பகல் முழுக்க நின்றவர்கள். கானாடுகாத்தான் வீடுகளைப் படம் பிடிக்க வருகிறவர்கள் பர்மாத் தேக்கைப் பற்றியும் ஆத்தங்குடிக் கல்லைப் பற்றியும் கேட்கிறார்கள். அந்தச் சுவருக்கு மண் சுமந்தவளைப் பற்றி ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. விடிகாலையில் சென்னைக்குப் போகும் பல்லவன் ரயிலில் பையும் கையுமாக ஏறும் பெண்களில் அவள் பேத்திகளும் இருக்கிறார்கள். இந்த மடல் ஆச்சி வீட்டுக்கு மட்டும் எழுதியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனிச் சென்னைக்கு வருவோம். 1937 பிப்ரவரி 10ஆம் தேதி கானாடுகாத்தான் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது, ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் கிளை திறந்தார். பர்மா கைவிட்டுப் போனபின் நம் சீமையின் பணம் அதிகமும் சென்னைக்குத்தான் போயிற்று. ஆலையாகவும் வங்கியாகவும் கல்லூரியாகவும் மாறிற்று. அந்தப் பணத்தின் பின்னாலேயே இப்போது பெண்கள் போகிறார்கள்.

பட்டணத்தில் பெண்களுக்கு வேலை கொட்டிக் கிடக்கிறது என்று நாம் நினைக்கிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டின் கிராமப்புறத்தில் நூற்றுக்கு 41 பெண்கள் ஏதோ ஒரு வேலையில் இருந்தார்கள். நகர்ப்புறத்தில் 22 பேர்தான். காரணம் வெளிப்படையானது. வயல் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம், மத்தியானம் வந்து அடுப்பைப் பார்க்கலாம். நகரத்து வேலைக்கு மணி உண்டு, தூரம் உண்டு. எட்டு மணி நேர வேலைக்குப் பதினொரு மணி நேரம் வீட்டைவிட்டு வெளியே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டையும் பிள்ளையையும் பார்க்க ஆள் இல்லாதவள் வேலையை விடுகிறாள், அல்லது நாலு தெரு தள்ளி வீட்டு வேலைக்குப் போகிறாள். சென்னையில் மிக எளிதாகக் கிடைக்கும் வேலை அதுதான். பாத்திரம் தேய்ப்பது, சமைப்பது, வயதானவர்களைப் பார்த்துக்கொள்வது. வேலை கொடுக்கிறவர் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னால் அதோடு முடிந்தது. 2007இல் வீட்டுப் பணியாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் நல வாரியம் அமைத்தார்கள். அதில் பதிந்துகொள்ளலாம் என்று அறியாமலே நான் பார்த்த பல பெண்கள் இருந்தார்கள்.

பூ, மீன், காய்கறி, இட்லி விற்கும் பெண்களைப் பற்றி வங்கிக்காரியாக ஒன்று சொல்ல வேண்டும். காலையில் கடன் வாங்கிச் சரக்கெடுத்து, சாயங்காலம் வட்டியோடு திருப்பிக் கொடுத்து, மிச்சத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் அவர்கள். அடமானம் வைக்க ஒன்றும் இல்லாததால் வங்கிகள் அவர்களைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. 1978இல் ஜெயா அருணாசலம் சென்னையில் உழைக்கும் பெண்கள் மன்றத்தைத் தொடங்கி, ஒருத்திக்கு ஒருத்தி ஜாமீன் நிற்க வைத்து, சின்னச் சின்னக் கடன் வாங்கிக் கொடுத்தார். ஒருவரை ஒருவர் தெரிந்து, நம்பிப் பணம் கொடுப்பதுதானே நம் சீமையின் பழைய தொழில்? அதை நடைபாதைப் பெண்களுக்குச் செய்து காட்ட இன்னொருவர் வர வேண்டியிருந்தது.

உங்களில் பலரும் என்னிடம் கேட்பது ஆலை வேலையைப் பற்றித்தான். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்திலிருந்து ஆள் எடுக்கிறவர்கள் நம் மாவட்டத்துக்கும் வருகிறார்கள். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று தொழில் கணக்கெடுப்பு சொல்கிறது. இது சின்ன விஷயமில்லை. பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ படித்த பெண்ணுக்கு மாதம் பிறந்தால் வங்கியில் சம்பளம் விழுகிறது. அவள் அம்மாவுக்கு அது கிடைத்ததில்லை. ஆகவே ஆலை வேலை கேவலம் என்று சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன்.

ஆனால் அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்து அனுப்புங்கள். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை ஓட ஆரம்பித்தது. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் செல்போன் பூட்டினார்கள். ஆலைச் சீருடை போட்ட பெண்ணுக்கு ஊரில் தனி மரியாதை இருந்தது. 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. எட்டு வருஷம் கைத்தொழில் படிந்த பெண்கள், அந்த ஒரு வேலையைத் தவிர வேறெதையும் கற்றுக்கொள்ளாதவர்களாக வெளியே வந்தார்கள். ஐயாவின் காலத்துப் பெட்டியடிப் பையனுக்கு அடுத்த படி என்ன என்று சீட்டு எழுதும்போதே தெரியும். பட்டறை வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு அடுத்த படி என்ன என்று நாம் கேட்டோமா? லைன் லீடர் ஆகலாமா, தரப் பரிசோதனைக்குப் போகலாமா, ஆலையே மேலே படிக்க வைக்குமா என்று நேர்காணலில் கேட்கச் சொல்லுங்கள். பதில் எப்படி வருகிறது என்பதிலிருந்தே அந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது தங்கும் இடம். இதைப் பற்றி நான் அதிகம் பேசுவதாக என் பிள்ளைகள் சொல்கிறார்கள். இருக்கட்டும். 2021 டிசம்பரில் ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகி 250 பேருக்கு மேல் சிகிச்சைக்குப் போனார்கள். அவர்களில் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உடன் வேலை செய்கிறவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். தரையில் படுக்கை, ஒரே அறையில் ஆறு பேரிலிருந்து முப்பது பேர் வரை, தண்ணீர் வராத கழிப்பறை என்ற விவரமெல்லாம் அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. ஆலை மூடப்பட்டு அடுத்த ஜனவரியில் திறந்தது. நம் ஊரிலிருந்து போகும் பெண் முதல் வாரமே அப்படி ஓர் அறையைப் பார்த்திருந்தாலும் வீட்டுக்குச் சொல்லியிருக்கமாட்டாள். சொன்னால் "அப்போ வந்துடு" என்றுதான் நாம் சொல்வோம் என்று அவளுக்குத் தெரியும். "அந்த ஆலைக்காரரிடம் நான் வந்து பேசுகிறேன்" என்று நாம் சொல்வோம் என்ற நம்பிக்கை அவளுக்கு இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

அதன் பின் மாற்றம் வந்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை அரசின் சிப்காட் நிறுவனம் கட்டித் திறந்தது. செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன. தனியார் விடுதி என்றால், 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள் விடுதி நடத்த உரிமம் வேண்டும். மகளைக் கொண்டுபோய் விடும்போது உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதோடு கழிப்பறைக் கதவையும் தண்ணீர்க் குழாயையும் நீங்களே திறந்து பாருங்கள். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகும்போது அடுப்படி வரைக்கும் பார்த்துவிட்டு வருகிறோமே.

மகன்களின் சம்பளச் சீட்டு மூன்று வருஷக் கணக்கு என்று சொன்னேன். அந்த மூன்று வருஷம் பெண்களுக்கும் வந்தது, ஆனால் வேறு உருவத்தில். கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்தது. பருவப் பெண்கள் ஆலை வளாகத்துக்குள்ளேயே தங்கி மூன்று வருஷம் வேலை பார்த்தால், முடிவில் கல்யாணத்துக்கென்று மொத்தமாக ஒரு தொகை. நடுவில் உடம்பு முடியாமல் வெளியேறிய பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. மகனின் மூன்று வருஷம் அவனைத் தொழிலுக்குள் கொண்டுபோயிற்று. மகளின் மூன்று வருஷம் அவளைக் கல்யாண மண்டபத்தில் விட்டது. சுமங்கலித் திட்டத்தை இன்று எல்லாரும் கண்டிக்கிறோம். ஆனால் "கல்யாணம் ஆகும் வரைக்கும் சும்மா இருப்பானேன், போய்ட்டு வரட்டும்" என்று மகளை ரயிலேற்றும் வீடுகளில் அதே கணக்குத்தான் ஓடுகிறது.

தி.நகர் ஜவுளிக்கடைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரெங்கநாதன் தெருவில் நின்ற பெண்களின் கால்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விற்பனைப் பணியில் நிற்பவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021 செப்டம்பரில்தான் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் தமிழக அரசு திருத்தியது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் அது. உட்காரும் உரிமை அதற்குள் வந்து சேர எழுபத்து நாலு வருஷம் ஆனது. நம் செக்காலை ரோட்டுக் கடைகளுக்கும் அதே சட்டம்தான். அடுத்த தடவை சேலை எடுக்கப் போகும்போது அங்கே நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள்.

பொறியியல் படித்த பெண்ணின் பெற்றோருக்குக் கவலை வேறு. 2000இல் டைடல் பார்க் வந்ததிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலை முழுக்க மாறிவிட்டது. நம் பெண்கள் ஆயிரம் ஆயிரமாக அங்கே இருக்கிறார்கள். 2014 பிப்ரவரியில் சிறுசேரியில் வேலை முடிந்து இரவில் வீடு திரும்பிய ஓர் இளம் பொறியாளர் கொல்லப்பட்டார். 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், காலை வெளிச்சத்தில், வேலைக்குப் போகக் காத்திருந்த இன்னொரு பெண். இந்த இரண்டையும் சொல்லாமல் எந்த அம்மாவும் என் வீட்டிலிருந்து எழுந்து போனதில்லை. அந்தப் பயத்தைத் தப்பு என்று சொல்லமாட்டேன். எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் பயத்தை வைத்துக்கொண்டு மகளை வீட்டில் நிறுத்துவதற்குப் பதில், இரவு வேலை முடிந்தால் வாசல் வரை நிறுவன வண்டி வருமா, வண்டியில் காவலர் உண்டா, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013 சட்டப்படி இருக்க வேண்டிய புகார்க் குழு இருக்கிறதா, அதில் யார் யார் என்று கேட்கச் சொல்லுங்கள். 181 என்ற உதவி எண் அவள் செல்லிலும் உங்கள் செல்லிலும் இருக்கட்டும்.

இப்போது கல்யாணப் பேச்சுக்கு வருகிறேன். மனசில் பாரமாக இருப்பது இதுதான்.

இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி. பி. முத்தம்மா. சென்னையில் படித்தவர். அந்தப் பணியில் இருக்கும் பெண் கல்யாணம் செய்ய வேண்டுமானால் அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்று விதி இருந்தது. கல்யாணத்துக்குப் பின் வேலையை விடச் சொல்லவும் அரசுக்கு அதிகாரம் இருந்தது. 1979இல் அவர் உச்ச நீதிமன்றம் போனார், விதி போயிற்று. 1981இல் ஏர் இந்தியா பணிப்பெண்கள் வழக்கில், முதல் கர்ப்பத்தோடு வேலை போகும் என்ற விதியை நீதிமன்றம் ரத்து செய்தது. வேலையில் சேர்ந்த நான்கு வருஷத்துக்குள் கல்யாணம் கூடாது என்பதை மட்டும் விட்டுவைத்தது. 2024 ஜூனில் ஃபாக்ஸ்கானின் ஸ்ரீபெரும்புதூர் ஆலைக்கு ஆள் எடுப்பதில் மணமான பெண்களை ஒதுக்குகிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டபோது, மத்திய அரசு தமிழகத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. நாற்பத்தைந்து வருஷத்தில் கழுத்துத் தாலியைப் பார்க்கும் பார்வை எவ்வளவு மாறியிருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

ஆலைக்காரரைக் குறை சொல்வது எளிது. அவர் வாசலில் நின்று தடுப்பதை நாம் பெண் பார்க்கும் கூடத்தில் உட்கார்ந்து செய்கிறோம். "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போகணும்னு இல்லை" என்று நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறோம். பெண்ணைக் கேட்பதில்லை. 2023இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் அமெரிக்காவின் இருநூறு வருஷக் கணக்குகளை எடுத்துப் பார்த்தவர். ஆண் பெண் சம்பள வித்தியாசம் பெரிதாவது முதல் குழந்தைக்குப் பிறகுதான் என்று காட்டினார். நம் நாட்டிலோ 2019இல் எடுத்த நேரக் கணக்கெடுப்பில், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிஷம் அதற்குச் செலவிட்டாள், ஆண் 97 நிமிஷம். ஐந்து மணி நேர வீட்டு வேலையை அவள் தலையில் வைத்துவிட்டு, வேலையையும் பார்க்கலாமே என்று சொல்வதில் என்ன நியாயம்? அதனால் மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று கேட்கும் வாயால், அவருக்கு ஒரு குழம்பு வைக்கத் தெரியுமா, குழந்தையைக் குளிப்பாட்டுவாரா என்றும் கேளுங்கள். கிட்டங்கியில் நம் ஆண்கள் பெண்துணை இல்லாமல் வருஷக்கணக்கில் வாழ்ந்தவர்கள்தான்.

சட்டத்தில் பேறுகால விடுப்பு 26 வாரம் இருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017இல் திருத்தம் வந்தது. ஆனால் பெண்ணின் பெயர் யாருடைய பதிவேட்டில் இருக்கிறதோ அவரிடம்தான் இதையெல்லாம் கேட்க முடியும். ஆலையில் வேலை செய்கிறாள். சம்பளம் போடுகிறவர் காண்ட்ராக்டர். அவருக்கு ஒரு பேர்ப்பலகை கூட இருக்காது. அதனால்தான் சம்பளச் சீட்டைப் பற்றி முதலில் சொன்னேன். நகரத்தார் கல்யாணத்தையே இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தமாக எழுதி வைக்கிற ஊர் இது. எழுத்தில்லாமல் எதையும் நம்பாத இந்த ஊரிலிருந்து, பணி நியமனக் கடிதம் கையில் இல்லாமல் மகளை அனுப்ப எப்படி மனசு வருகிறது? கடிதத்தில் நிறுவனத்தின் பெயர், சம்பளம், வேலை நேரம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. விவரம் இருக்கட்டும். ஒரு நகல் உங்கள் பீரோவில் இருக்கட்டும்.

அடுத்தது சம்பளப் பணம். வங்கியில் என் கண்ணால் கண்டது இது. கணக்கு மகள் பேரில் இருக்கும். ஏடிஎம் அட்டை அப்பாவின் சட்டைப்பையில். கல்யாணத்துக்குப் பின் அதே அட்டை மாப்பிள்ளையின் பைக்குப் போகும். சில பெண்கள் தங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று என்னிடம் வந்து மெதுவாகக் கேட்பார்கள். வெளியே ஒரு நாளும் வேலைக்குப் போகாத நம் அப்பத்தாக்கள் பேரில் பணம் இருந்தது, வட்டி வந்தது. மாதச் சம்பளம் வாங்கும் பேத்தி தன் பணத்துக்கு அனுமதி கேட்கிறாள். தமிழ்நாட்டில் 1989லேயே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனோடு சமபங்கு என்று சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் பங்கு கேட்ட மகளை இன்னும் ஒரு மாதிரிதான் பார்க்கிறோம். சம்பளத்தில் வீட்டுக்கு அவள் என்ன கொடுக்கலாம் என்று உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். கொடுப்பது அவளுக்கும் சந்தோஷம்தான். மிச்சம் அவள் பேரில், அவள் கையில் இருக்க வேண்டும். நகையாக மாற்றி லாக்கரில் வைப்பதைவிட, நாளைக்கு வேலை போனாலோ மேலே படிக்க நினைத்தாலோ எடுக்கக்கூடிய பணமாக இருக்கட்டும்.

எல்லாரும் சென்னைக்கே போக வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. காரைக்குடியில் முறுக்கும் சீடையும் அதிரசமும் மனகோலமும் சுட்டு டின்னில் அடைத்துச் சிங்கப்பூர் வரைக்கும் அனுப்பும் பெண்கள் இருக்கிறார்கள். மறந்துபோக இருந்த ஓலைக் கொட்டானை விசாலாட்சி ராமசாமி மீட்டெடுத்ததில் கிராமத்துப் பெண்கள் பலருக்குக் கைவேலை வந்தது. கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது; அதற்குப் பின்னால் நூல் சுற்றும் பெண்களின் கூலி உயர்ந்ததா என்று யாராவது போய்க் கேட்க வேண்டும். இவர்களுக்கு வேண்டியது முதல். கடன் கொடுத்துப் பேர் வாங்கிய சீமை தன் ஊர்ப் பெண்ணின் எண்ணெய்ச் சட்டிக்குக் கடன் கொடுக்கலாம்.

கடைசியாக, என்னுடைய வேண்டுகோள். காசியில், ராமேஸ்வரத்தில், பழனியில், யாத்திரை போகிறவர்கள் தங்க நம் முன்னோர் விடுதி கட்டினார்கள். சென்னையில் நம் சீமைக்காரர்களின் வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. சில பூட்டியே கிடக்கின்றன. இந்தச் சீமையிலிருந்து வேலைக்குப் போகும் பெண்கள் தங்க, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒன்றும் சோழிங்கநல்லூர் பக்கம் ஒன்றும் கிட்டங்கி போல வீடு வேண்டும். எந்தச் சாதி, எந்த மதமானாலும் அங்கே இடம் கிடைக்க வேண்டும். பொதுச் சமையல், ஒரு பொறுப்பான அம்மா, வேலை போனால் அடுத்த வேலை கிடைக்கும் வரை வாடகை கேட்காத ஒரு மூன்று மாதம். கணக்கு வழக்கை அங்கே தங்கும் பெண்களே பார்த்துக்கொள்ளட்டும். அது நம் ரத்தத்தில் இருக்கிறது. ஒருவர் இடம் கொடுத்தால், பத்துப் பேர் செலவுக்குக் கொடுத்தால் நடக்கக்கூடிய காரியம். இதைவிடப் பெரிய காரியங்களை நாம் செய்திருக்கிறோம். 1947இல் வள்ளல் அழகப்பர் கல்லூரிக்கு வாக்குக் கொடுத்த அடுத்த மாதமே காரைக்குடியில் வகுப்பு நடந்தது.

உங்கள் ஊர்ச் சங்கக் கூட்டம் அடுத்து எப்போது நடக்கிறதோ அங்கே போய் இந்த விடுதியைப் பற்றிக் கேளுங்கள். தகப்பன்மார் மட்டும் போகாமல் தாய்மாரும் போங்கள். வேலைக்குப் போகும் மகளையும் உடன் அழைத்துப்போய், என்ன வேண்டும் என்று அவளையே எழுந்து நின்று சொல்லச் சொல்லுங்கள்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து ஓர் ஆச்சி